பழைய கடைத்தெருவுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தவர்கள்: எட்டு மாத அனுபவம்

எங்கள் புறநகரின் வணிகச் சாலைக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது, பாதிக் கடைகளுக்கு ஷட்டர் இறங்கிவிட்டது. கடைக்காரர்களும் கட்டட உரிமையாளர்களும் சேர்ந்து பணம் போட்டு ஒரு நகரத் திட்டமிடல் நிறுவனத்தை அமர்த்தினோம். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன்.

முதலில் நல்லது. புது விளக்குக் கம்பம், பூந்தொட்டி, ஒரே நிறத்தில் பெயர்ப்பலகை என்று ஆரம்பிப்பார்கள் என நினைத்திருந்தேன். வந்த திட்டமிடுநர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, பார்க்கிங்கில் நின்று வண்டிகளை எண்ணினார். சனிக்கிழமை காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை, ஒரு நாள் நானும் கூடப் போனேன். கடைசி நான்கு வரிசைகளில் வெள்ளைக் கோடே அழிந்து கிடக்கிறது, தார் வெடிப்பில் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. வருடத்திலேயே கூட்டம் அதிகமாக வரும் வாரத்தில்கூட அங்கே ஒரு வண்டி நிற்கவில்லை.

இவ்வளவு இடம் ஏன் சும்மா கிடக்கிறது என்றால், எங்கள் ஊர் விதி அப்படி. 1000 சதுர அடி கடைக்கு 4 வண்டி நிற்க இடம் வேண்டும், அதே கடை உணவகமாக மாறினால் 10. வண்டி வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால் ஒரு காருக்கு 300 சதுர அடிக்குக் குறையாது, அதாவது 1000 சதுர அடி உணவகத்துக்கு 3000 சதுர அடி தார்த்தரை. செருப்புக்கடை காலியானபோது அங்கே உணவகம் வைக்கக் கேட்டு வந்த மூன்று பேரும் ஏன் திரும்பிப் போனார்கள் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. திட்டமிடுநர் இன்னொன்றும் சொன்னார், இதை எல்லாக் கடைக்காரர்களும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்: எங்கள் ஊரில் பழைய கட்டடங்கள் பழைய விதிப்படியே இயங்கலாம் என்ற உரிமை, கடை தொடர்ந்து ஒரு வருடம் பூட்டிக் கிடந்தால் போய்விடும். அப்புறம் வருகிறவர் சாலையிலிருந்து விட வேண்டிய இடைவெளி, பார்க்கிங், மரம் என்று இன்றைய விதி அத்தனைக்கும் கட்டுப்பட வேண்டும். பூட்டிய கடை பூட்டியபடியே கிடப்பது பெரும்பாலும் இதனால்தான், வாடகையால் அல்ல.

அறிக்கையின் பரிந்துரைகள் தெளிவாக இருந்தன. கட்டாய பார்க்கிங்கை எடுத்துவிடுங்கள் (அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017-இல் ஊர் முழுக்க எடுத்துவிட்டது), மாடியில் வீடு கட்ட அனுமதியுங்கள், வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் கொலம்பியா பைக் என்ற சாலையில் 2003-இல் செய்ததுபோல, கட்டடத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை விட அது தெருவைப் பார்த்து எப்படி நிற்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள். பின்தெருவில் வீடு வைத்திருப்பவர்கள் உயரத்தைப் பற்றிப் பயந்தார்கள். அவர்கள் பக்கம் வர வர மாடி குறைவதை வரைந்து காட்டிச் சமாதானப்படுத்தினார்கள், அதுவும் நன்றாக இருந்தது.

ஒன்றரை மதிப்பெண்ணை ஏன் குறைத்தேன் என்றால், அறிக்கையில் பக்கம் பக்கமாக கொலராடோவின் லேக்வுட் நகரில் உள்ள பெல்மார் என்ற பகுதி வருகிறது. 1966-இல் திறந்து 2001-இல் மூடிய வில்லா இத்தாலியா என்ற பேரங்காடியை இடித்து, 2004 முதல் தெருக்களும் வீடுகளும் கடைகளுமாக மாற்றிய இடம். அருமையான வேலைதான், ஆனால் அது நூறு ஏக்கருக்கு மேல் ஒரே துண்டாகக் கிடந்த நிலம். எங்கள் சாலையில் முப்பது உரிமையாளர்கள், ஒவ்வொரு மனையும் ஆழமில்லாத சின்னத் துண்டு. பக்கத்து மனைக்காரர்கள் பார்க்கிங்கைப் பகிர்ந்துகொள்வது எப்படி, யார் முதலில் இடிப்பது, என்ன ஒப்பந்தம் போடுவது என்பதற்கு அதில் ஒரே ஒரு பத்திதான் இருக்கிறது.

அதைவிடக் கோபம் வருவது வாடகைக்கு இருப்பவர்கள் விஷயத்தில். கூட்டங்களை எல்லாம் மாலை ஆறரைக்கு, கடையில் வியாபாரம் நடக்கும் நேரத்துக்கு வைத்தார்கள். தையல்காரரும் சாவி செய்பவரும் ஒரு கூட்டத்துக்கும் வர முடியவில்லை, அவர்களைத் தேடி யாரும் கடைக்குப் போகவும் இல்லை. மனை மதிப்பு ஏறினால் வாடகையும் ஏறும், கட்டட வேலை நடக்கும் காலத்தில் அவர்கள் எங்கே போவார்கள்? அறிக்கையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. நேரில் கேட்டதற்கு, அது ஒப்பந்தத்தில் இல்லை என்றார்கள். சரி, நாங்களும் எழுதிக் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் யாரையாவது அமர்த்துவதாக இருந்தால் கையெழுத்துப் போடும் முன் இந்த இரண்டையும், மனைவாரித் திட்டத்தையும் வாடகைக்காரர்களுக்கான பகுதியையும், ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

விதி மாற்றம் அடுத்த மாதம் நகர்மன்றத்தில் வாக்கெடுப்புக்கு வருகிறது. செருப்புக்கடை பூட்டிப் பத்து மாதம் ஆகிவிட்டது.