ஸ்டாட்டின் மாத்திரையா, எவோலோகுமாப் ஊசியா?

இரண்டுமே இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மருந்துகள். கொழுப்பை இறக்குவதில் ஊசிதான் கெட்டி. 2017-இல் வெளியான ஃபூரியர் ஆய்வில், ஏற்கெனவே ஸ்டாட்டின் எடுத்துவந்தவர்களுக்கு ஊசியும் சேர்ந்ததும் கெட்ட கொழுப்பான எல்டிஎல் 92-இலிருந்து 30-க்கு இறங்கியது. ஆனால் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அசையவே இல்லை.

மாத்திரை இரண்டையும் தொடுகிறது. 2008-இன் ஜூபிடர் ஆய்வில் சேர்ந்த 17,802 பேருக்கும் எல்டிஎல் 130-க்குக் கீழேதான். சிஆர்பி மட்டும் 2 அல்லது அதற்கு மேல். சாதாரணப் பரிசோதனையில் ‘பயமில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்கள். தினம் 20 மில்லிகிராம் ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினில் எல்டிஎல் பாதியானது. சிஆர்பி 37 சதவீதம் இறங்கியது. மாரடைப்பு, பக்கவாதம் முதலானவை 44 சதவீதம் குறைந்தன.

அழற்சி தணியாமலே ஊசியும் மாரடைப்பு, பக்கவாதம் முதலானவற்றை 15 சதவீதம் குறைத்திருக்கிறது. ஸ்டாட்டினுக்கு மேல் கிடைத்த கூடுதல் பலன் அது. 44-உடன் நேராக ஒப்பிடக்கூடாது.