கழுத்து ரத்த ஓட்டத்தை எம்ஆர்ஐயில் அளப்பது: பல வருடம் பழகியதில் தெரிந்தவை

வேலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்ஆர்ஐ கன்சோல் பார்க்கிறேன். 1949-லேயே ஜேக்கப் சாண்டி சிஎம்சியில் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கிய ஊர் இது. தலைசுற்றல், பக்கவாதம் என்று குடியாத்தத்திலிருந்தும் வருவார்கள், கொல்கத்தாவிலிருந்தும் வருவார்கள். 'அசையாதீங்க' என்பதை வங்காளத்தில் சொல்லத் தெரியாமல் இந்த ஊரில் ஸ்கேன் வேலை பார்க்க முடியாது.

மூளைக்குப் போகும் குழாய்களைப் படம் எடுப்பது ஒன்று. அவற்றில் நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தம் ஓடுகிறது என்று அளப்பது வேறு. இரண்டாவதைச் செய்வது பேஸ் கான்ட்ராஸ்ட் முறை. நெடுநாள் பழகிய பிறகு என் கருத்து இதுதான்: ரத்தம் மேலே போகிறதா கீழே வருகிறதா, இடதா வலதா எது அதிகம் என்ற கேள்விகளுக்கு இது அருமையான கருவி. மில்லி கணக்கு என்று வந்துவிட்டால், எப்படி எடுத்தார்கள் என்று விசாரிக்காமல் நம்பக்கூடாது.

வேலை செய்யும் விதம் எளிதுதான். எதிரெதிரான இரண்டு கிரேடியன்ட்களை (இடத்துக்கு இடம் மாறும் காந்தப்புலங்களை) அடுத்தடுத்துப் போட்டால், அசையாத தசையில் ஒன்றின் விளைவை மற்றது அழித்துவிடும். ஓடும் ரத்தத்தில் மட்டும் சிக்னலின் பேஸ், அதாவது அலையின் கட்டம், கொஞ்சம் நகர்ந்து நிற்கும். எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு வேகம். 1982-ல் பால் மோரன் எழுதிய யோசனை இது. கதிர்வீச்சு கிடையாது, ஊசி மருந்தும் வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

தொல்லை ஆரம்பிப்பது வென்க் எண்ணில். எந்த வேகம் வரை அளக்க வேண்டும் என்று நாமே முன்கூட்டிச் சொல்லும் எல்லை அது. வென்க்கை 60 என்று வைத்து, ரத்தம் நொடிக்கு 80 சென்டிமீட்டரில் ஓடினால், கருவி அதை எதிர்த்திசையில் 40 என்று காட்டும். குழாயின் நடுவில் திடீரென்று கறுப்புப் புள்ளி தெரிந்தால் இதுதான் காரணம். சரி, பயந்து 200 வைத்துவிடலாமே என்றால், கழுத்தெலும்புகளின் ஊடே மூளைக்கு ஏறும் வெர்டிப்ரல் தமனியில் ரத்தம் மெதுவாக ஓடும், அதன் அளவு இரைச்சலில் (சிக்னலில் கலக்கும் தாறுமாறான ஏற்ற இறக்கத்தில்) மூழ்கிவிடும். வென்க்கை இரட்டிப்பாக்கினால் வேகக் கணக்கின் இரைச்சலும் இரட்டிப்பாகும். நான் கழுத்தின் முன்பக்கப் பெரிய தமனியான காரோட்டிடுக்கு 100-க்குப் பக்கத்தில் தொடங்கி, நேரம் இருந்தால் வெர்டிப்ரலுக்குத் தனியாகக் குறைத்து இன்னொரு முறை எடுப்பேன். அடைப்பு உள்ள இடத்திலேயே அளக்கப் பார்ப்பது வீண். அங்கே ரத்தம் சுழன்று சிக்னலே போய்விடும். அதைத் தாண்டி, ஓட்டம் சீரான இடத்தில் அளப்பதுதான் சரி.

அடுத்தது ஸ்லைஸ், அதாவது கழுத்தைக் குறுக்கே வெட்டிப் பார்க்கும் படம். முருங்கைக்காயை நேராக நறுக்கினால் வட்டம், சாய்த்தால் நீள்வட்டம், குழாயும் அப்படித்தான். நான் இரண்டாவது, மூன்றாவது கழுத்தெலும்பு மட்டத்தில் வைப்பேன். அங்கே இரண்டு காரோட்டிட், இரண்டு வெர்டிப்ரல் என நான்கு தமனிகளும் ஏறக்குறைய நேராக ஏறுவதால் ஒரே ஸ்லைஸில் அடங்கும். வெர்டிப்ரலின் விட்டமே மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். பிக்சலை ஒரு மில்லிமீட்டர் வைத்தால் ஓரத்துப் பிக்சல்கள் எல்லாம் பக்கத்துத் தசையோடு கலந்துபோகும், கணக்கு வீங்கும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் ஆள் மாறினால் எண் மாறுகிறது. வளர்ந்த ஒருவருக்கு நான்கு குழாய்களும் சேர்ந்து நிமிடத்துக்கு 700 மில்லி அளவில் வரும் என்பது பொதுக்கணக்கு. வயதாக ஆகக் குறையும். ஆனால் எம்ஆர்ஐ மெஷினுக்குள் படுத்த பயத்தில் வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு இறங்கி, மூளைக்குப் போகும் ரத்தமும் குறையும். காபியும் குறைக்கும். எங்கள் சென்டருக்கு எதிரிலேயே காபிக் கடை! ரத்தசோகை இருந்தால் நேர்மாறு, ஓட்டம் கூடும். ஹீமோகுளோபின் குறைந்த பெண்களுக்கு 900-ஐத் தாண்டினால் நான் ஸ்கேனைச் சந்தேகப்படுவதில்லை, ரத்தப் பரிசோதனைத் தாளைக் கேட்பேன். நாடித்துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு கேட்டிங் (துடிப்போடு ஒத்திசைத்துப் படம் எடுப்பது) ஒத்துழைக்காது, அவர்களுக்கு வரும் எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த முறைக்காக நான் வாதாடுவது ஒரு வகை நோயாளிகளுக்காக. பேர்ணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். இடது கையால் வேலை செய்தால் தலை சுற்றுகிறது என்றார். "நைனாவுக்கு ரெண்டு கையிலயும் பிரஷர் வேற வேற காட்டுதுங்க" என்றார் மகன். வழக்கமான ஆஞ்சியோ படத்தில் இடது வெர்டிப்ரல் காணோம். அடைத்துவிட்டது என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அந்தப் படத்தில் சிரைகள் தெரியாமலிருக்க மேலிருந்து இறங்கும் ரத்தத்தின் சிக்னலை அடக்கிவிடுகிறோம். கீழ்நோக்கி ஓடும் தமனியும் அதோடு சேர்ந்து மறைந்துவிடும். பேஸ் கான்ட்ராஸ்ட் போட்டதும் இடது வெர்டிப்ரல் மட்டும் எதிர் நிறத்தில் வந்தது, அதாவது ரத்தம் கீழ்நோக்கி ஓடுகிறது. கைக்குப் போகும் சப்க்ளேவியன் தமனியின் தொடக்கத்தில் அடைப்பு; மூளைக்கு ஏற வேண்டிய ரத்தத்தைக் கை இழுத்துக்கொள்கிறது. ஊசி இல்லாமல், சில நிமிடத்தில் தெரிந்த விஷயம்.

அதற்காக எல்லோருக்கும் இதை எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. கழுத்துக் காரோட்டிடில் அடைப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்க டாப்ளர் (ரத்த ஓட்டம் காட்டும் அல்ட்ராசவுண்ட்) போதும், செலவும் குறைவு. சுண்ணாம்பு படிந்து டாப்ளரில் நிழல் விழும்போதும், மண்டைக்குள் பார்க்க வேண்டியிருக்கும்போதும்தான் இது கை கொடுக்கிறது.

மென்பொருள் விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. மெஷினை விற்றவர்கள் அளக்கும் நிரலுக்குத் தனி உரிமம், தனிக் காசு என்றார்கள். அதைத் திறந்தால் குழாயின் ஓரத்தைக் கையால்தான் வரைய வேண்டும். நான் வரைவதற்கும் ஷிப்ட் மாறி வரும் தம்பி வரைவதற்கும் வித்தியாசம் வரும், அதனால் ஒரு நோயாளிக்கு முன்னும் பின்னும் ஒரே ஆள் வரைவது என்று வைத்துக்கொண்டோம்.

இப்போது ரிப்போர்ட்டில் மில்லிக்குக் கீழே வென்க், ஸ்லைஸ் வைத்த எலும்பு மட்டம், நாடித்துடிப்பு, ஹீமோகுளோபின் நான்கையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன். மறுபடி ஸ்கேனுக்கு வருபவர்கள் பழைய படத்தோடு அந்தத் தாளையும் கொண்டுவந்தால், அதே மட்டத்தில் அதே வென்க்கில் எடுத்துத் தருவேன்.