தி டார்க் நைட்: டிவிடி, பழைய ப்ளூரே, 4கே டிஸ்க், ஸ்ட்ரீமிங் – விசாரணை அறையில் வைத்துப் பார்ப்போம்

படம் தொடங்கியதும் கேமரா ஒரு கண்ணாடிக் கட்டடத்தை நோக்கி மெல்ல நகரும். ஜன்னல் ஒன்று வெடித்துத் தெறிக்கும். அந்த ஷாட் உங்கள் டிவி திரையை மேலிருந்து கீழ்வரை முழுசாக நிறைத்தால் ஒரு வகைப் பதிப்பு. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்தால் வேறு வகை. முதல் ஒரு நிமிடத்திலேயே இவ்வளவு தெரிந்துவிடும். ஆனால் எதை வாங்குவது என்ற கேள்விக்கு இந்த ஷாட்டில் பதில் இல்லை. அதற்குப் படத்தின் நடுப்பகுதிக்கு, ஜோக்கரும் பேட்மேனும் நேருக்கு நேர் உட்காரும் விசாரணை அறைக்குப் போக வேண்டும்.

கிறிஸ்டோபர் நோலன் இயக்கி 2008 ஜூலையில் வந்த இந்த 152 நிமிடப் படத்தில் ஏறத்தாழ 28 நிமிடம் ஐமேக்ஸ் என்னும் பெரிய ஃபிலிம் கேமராவில் எடுத்தது. தொடக்க வங்கிக் கொள்ளை, ஹாங்காங் பகுதி, சிகாகோவின் லோயர் வேக்கர் டிரைவில் ஓடும் வாகனத் துரத்தல், கட்டி முடியாத கட்டடத்தில் நடக்கும் கடைசி மோதல் ஆகியவை அதில் முக்கியமானவை. ஐமேக்ஸ் ஃபிலிமின் ஒரு ஃபிரேம், ஃபிலிம் ஓரத்தில் வரிசையாக இருக்கும் துளைகளில் 15 துளை அகலம். சாதாரண 35 மி.மீ. ஃபிரேமைவிடப் பல மடங்கு பெரிய பரப்பு. அதனால்தான் அந்தக் காட்சிகள் எந்த டிவியில் போட்டாலும் கூர்மையாக நிற்கின்றன.

அதே கேமராவுக்குச் சத்தம் அதிகம், ஒரு ரீல் மூன்று நிமிடம்கூட வராது. எனவே மனிதர்கள் உட்கார்ந்து பேசும் காட்சிகள் பெரும்பாலும் 35 மி.மீ. அனமார்ஃபிக்கில்தான் (அகலப் படத்தை ஒடுக்கிப் பதியும் லென்ஸ்) எடுக்கப்பட்டன. ஜோக்கராக வரும் ஹீத் லெட்ஜரின் முகத்தில் வெடித்த வெள்ளைப் பூச்சு, கண்ணைச் சுற்றிக் கரைந்த கறுப்பு, ஆரன் எக்ஹார்ட் நடித்த ஹார்வி டென்ட் என்ற பாத்திரம் மனமுடைந்துபோகும் இடம் எல்லாம் அங்கே இருக்கின்றன. படத்தின் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அது. கடைக்காரர் வங்கிக் கொள்ளையைத்தான் போட்டுக் காட்டுவார். நீங்கள் விசாரணை அறையைப் போடச் சொல்லுங்கள்.

சட்டக அளவுக் கணக்கு

ஐமேக்ஸ் ஃபிலிமின் முழு வடிவம் (அகலம்:உயரம்) 1.43:1. வீட்டு டிவி 1.78:1. ஆகவே ப்ளூரேயிலும் 4கே டிஸ்க்கிலும் ஐமேக்ஸ் காட்சிகளின் உயரத்தில் சுமார் 20 சதவீதம் வெட்டப்பட்டு, திரை நிறையும்படி வருகிறது. மற்றக் காட்சிகள் 2.40:1; அப்போது பட்டை விழும். படம் ஓட ஓட இந்த இரண்டும் மாறி மாறி வரும். இது டிஸ்க்கின் கோளாறு அல்ல, இயக்குநரின் விருப்பம். இதைச் சரிசெய்கிறேன் என்று ரிமோட்டில் ஜூம் பட்டனை அழுத்தினால் 35 மி.மீ. காட்சிகளில் இரு பக்கமும் ஆட்கள் காணாமல் போவார்கள்.

டிவிடியில் படம் முழுக்க 2.40:1 மட்டும்தான். ஐமேக்ஸ் ஃபிரேமை அந்த அளவுக்கு ஒடுக்கினால் உயரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் போய்விடும். ஹாங்காங் கோபுரத்தின் உச்சியில் பேட்மேன் நிற்கும்போது கீழே விரியும் ஆழம்தான் அந்தக் காட்சியின் உயிர். டிவிடியில் அது பாதி. பிஏஎல் முறையில் (ஐரோப்பா, இந்தியா உள்ளிட்ட நாடுகளின் பழைய டிவி முறை) வந்த டிவிடிகளில் இன்னொரு சிக்கல் உண்டு: நொடிக்கு 24 ஃபிரேமை 25ஆக ஓட்டுவதால் படம் சுமார் 146 நிமிடத்தில் முடிந்துவிடும், சுருதியைத் திருத்தாமல் விட்டிருந்தால் குரலும் இசையும் கொஞ்சம் ஏறி ஒலிக்கும். இதற்குமேல் டிவிடியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பழைய டியூப் டிவிக்கு அது போதும், இன்றைய 55 அங்குலத் திரைக்குப் போதாது.

பழைய ப்ளூரே: ஒரு கை வெல்லும், ஒரு கை தோற்கும்

2008 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவில் ப்ளூரே வெளியானது. எச்டி டிவிடியும் ப்ளூரேயும் மோதிக்கொண்ட போட்டி அந்த ஆண்டு பிப்ரவரியில், எச்டி டிவிடியை முன்னின்று நடத்திய தோஷிபா விலகியதும் முடிந்திருந்தது. புதிய வடிவத்தின் பலத்தைக் காட்ட எல்லோரும் கையில் எடுத்த டிஸ்க் இது. இரண்டு அடுக்கு 50 ஜிபி, விசி-1 கோடெக் (படத்தைச் சுருக்கும் முறை), டால்பி ட்ரூஎச்டி 5.1 ஒலி.

ஐமேக்ஸ் காட்சிகளில் இந்த டிஸ்க் இன்றும் தலைகுனிய வேண்டியதில்லை. 1080 வரிகளும் நிறைந்து, சிகாகோ தெருவின் ஒவ்வொரு விளக்கும் தனித்தனியாகத் தெரியும். குறை 35 மி.மீ. பகுதியில். செயற்கையாகக் கூர்மை ஏற்றியிருக்கிறார்கள், ஃபிலிம் துகளையும் (ஃபிலிமில் இயல்பாகத் தெரியும் நுண்புள்ளிகள்) ஓரளவு தேய்த்திருக்கிறார்கள். கூர்மை ஏற்றும்போது இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று முளைக்கும். கறுப்புக் கோட்டின் தோள்பட்டை, வெள்ளைச் சட்டையின் காலர், வானத்தை ஒட்டிய கூரை விளிம்பு – இந்த இடங்களில் தேடினால் கண்ணில் படும். துகளைத் தேய்த்தால் தோலின் நுணுக்கமும் கூடவே போகும். ஜோக்கரின் முகப்பூச்சு பெயின்ட் அடித்ததுபோல் வழுவழுப்பாகும். 43 அங்குல டிவியைப் பத்தடி தள்ளிப் பார்ப்பவருக்கு இது உறுத்தாது. புரொஜெக்டரில் 100 அங்குலத்தில் பார்ப்பவர் ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு கண் அதையேதான் தேடும்.

2.40:1 காட்சிகளில் 1080 வரியில் 800தான் படத்துக்குக் கிடைக்கும், மீதி கறுப்புப் பட்டைக்குப் போகும். ஏற்கெனவே வரி குறைவு, அதிலும் செயற்கைக் கூர்மை. ஐமேக்ஸிலிருந்து 35 மி.மீ.க்கு மாறும்போது வேறு படத்துக்குள் நுழைந்ததுபோல் தோன்றுவது இதனால்தான்.

4கே டிஸ்க்: லாபம் எங்கே?

2017 டிசம்பரில் வந்த 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்கில் எச்இவிசி கோடெக், எச்டிஆர்10 (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வீச்சில் காட்டும் எச்டிஆர் முறை), டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ 5.1 உண்டு. டால்பி விஷன் என்ற மேம்பட்ட எச்டிஆர் கிடையாது, தலைக்கு மேலிருந்தும் ஒலிக்கும் அட்மாஸும் கிடையாது. பெட்டியில் பெரிய எழுத்தைத் தேடுபவருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் இந்தப் படத்துக்கு இதுதான் சரியான டிஸ்க் என்று தயங்காமல் சொல்லலாம்.

காரணம் ஐமேக்ஸ் காட்சிகள் அல்ல. அவற்றிலும் முன்னேற்றம் உண்டு. ஆனால் முன்பே நன்றாக இருந்தவை மேலும் நன்றாகியிருக்கின்றன, அவ்வளவுதான். 35 மி.மீ. பகுதியில் நடந்திருப்பது மீட்பு. விளிம்பில் வெள்ளைக் கோடு இல்லை. துகள் துகளாகவே இருக்கிறது. 2.40:1 காட்சிக்கு 1600 வரி கிடைப்பதால் அந்தத் துகளைக் கட்டிகட்டியாக்காமல் காட்ட இடமும் இருக்கிறது. இரண்டு வகைக் காட்சிக்கும் இடையே தையல் தெரியாமல் படம் ஒரே படமாக ஓடுகிறது.

விசாரணை அறைக்கு வருவோம். காவல் அதிகாரி கார்டன் பேசி முடிக்கும்வரை அறை இருட்டு, மேசை விளக்கு மட்டும். அவர் வெளியேறியதும் குழல் விளக்குகள் ஒரேயடியாக எரிய, பேட்மேன் பின்னால் நிற்பான். எச்டிஆர் இல்லாத (எஸ்டிஆர்) ப்ளூரேயில் அந்த வெள்ளை வெறும் வெள்ளை. எச்டிஆரில் அந்த வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும், நாற்காலியில் இருப்பவரின் சங்கடம் நமக்கும் வரும்.

ஆனால் எச்டிஆர் எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது. எச்டிஆர்10 முறையில் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு ஒளிர வேண்டும் என்பது கணக்காக எழுதப்பட்டிருக்கும். அறையின் வெளிச்சத்துக்கு ஏற்ப அது தானாக மாறாது. இருண்ட அறைக்காகச் செய்த இந்தப் படத்தை, ஜன்னல் திறந்த ஹாலில், 300 நிட் ஒளிர்வு மட்டுமே தரும் மலிவு எல்இடி டிவியில் போட்டால் பாதிக் காட்சி கறுப்புக்குள் புதைந்துவிடும். அப்படிப்பட்ட டிவிக்குப் பழைய ப்ளூரேயே நன்றாகத் தெரியும். ஓஎல்இடி டிவியோ, ஒளியைப் பகுதி பகுதியாக அடக்கும் நல்ல எல்சிடியோ இருந்து, இரவில் விளக்கை அணைத்துப் பார்க்கும் பழக்கமும் இருந்தால் 4கே.

டிவியில் செய்ய வேண்டியது: ஃபிலிம்மேக்கர் மோட் அல்லது சினிமா மோட். மோஷன் ஸ்மூத்திங், டைனமிக் கான்ட்ராஸ்ட், மின்சாரச் சேமிப்பு மூன்றும் அணைந்திருக்க வேண்டும். ஷார்ப்னெஸைச் செயற்கைக் கூர்மை ஏறாத அளவுக்கு இறக்குங்கள். பல டிவிகளில் அது பூஜ்யம். பிளேயரில் 24பி (நொடிக்கு 24 ஃபிரேம்) வெளியீடு இயங்க வேண்டும். எச்டிஆர் வரவே இல்லை என்றால் பெரும்பாலும் காரணம் டிவியின் அந்த எச்டிஎம்ஐ துளைக்கான உயர் தரச் சிக்னல் அமைப்பு அணைந்திருப்பது. மெனுவில் துளைவாரியாக அதை இயக்க வேண்டும். 18 ஜிகாபிட் தாங்கும் கேபிள் இல்லாவிட்டால் படம் நடுவில் விட்டுவிட்டுக் கறுக்கும்.

பிளேயர் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுவது பிளேஸ்டேஷன் 4இல். அதன் ப்ரோ மாடல்கூட 4கே டிஸ்க்கைப் படிக்காது, ப்ளூரே மட்டுமே. டிஸ்க் துளை உள்ள பிளேஸ்டேஷன் 5உம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் படிக்கும்.

ஒலி: டிஸ்க்கைவிட வயரில்தான் சிக்கல்

ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி இரண்டும் தரம் குறையாத சுருக்கம். பெயரை வைத்து ஒன்றை உயர்த்துவது வீண். இரண்டும் சரியாக வந்து சேர்கின்றனவா என்பதே கேள்வி.

பிளேயரை டிவியில் செருகி, டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு எடுக்கும் வீடுகள் அதிகம். டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வயரிலேயே வெளியே அனுப்பும் சாதாரண ஏஆர்சி வழியாக இந்த இரண்டு ஒலியுமே முழுசாகப் போகாது, அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும். அது இருந்தாலும் சாம்சங் டிவிகள் 2018 முதல் டிடிஎஸை ஏற்பதில்லை, எல்ஜி 2020 முதல் 2022 வரையிலான மாடல்களிலும் அதை விட்டுவிட்டது. 4கே டிஸ்க்கைப் போட்டதும் ஒலியே வராமலோ, வெறும் ஸ்டீரியோவாகவோ வருவது இதனால். பிளேயரை நேராக ஏவி ரிசீவரிலோ சவுண்ட்பாரின் எச்டிஎம்ஐ உள்ளீட்டிலோ செருகுங்கள். அந்த வசதி இல்லை என்றால் பிளேயரின் ஒலி வெளியீட்டை பிசிஎம்முக்கு (சுருக்காத ஒலி) மாற்றி இஏஆர்சி வழியே அனுப்புங்கள். சாதாரண ஏஆர்சியில் பிசிஎம் இரண்டு சேனலோடு நின்றுவிடும்.

பிளேயர் மெனுவில் இரண்டாம் நிலை ஒலியை (விளக்கவுரை போன்றவை) முதன்மை ஒலியோடு கலக்கும் அமைப்பு ஒன்று இருக்கும். அது இயங்கினால் உயர்தர ஒலி சாதாரண டால்பியாகவோ டிடிஎஸ்ஸாகவோ இறங்கிவிடும், அணையுங்கள். இந்தப் படத்தை வெளியிட்ட வார்னர் நிறுவனத்தின் அந்தக் காலத்து ப்ளூரேக்களில் பல, மெனுவில் நாமாக மாற்றும்வரை சாதாரண டால்பி ஒலியில்தான் தொடங்கும். எனவே ரிசீவரின் முகப்பில் ட்ரூஎச்டி என்று எழுத்து வருகிறதா பாருங்கள்.

துரத்தல் காட்சியில் பெரும்பகுதிக்குப் பின்னணி இசையே கிடையாது. இன்ஜின், டயர், இரும்பு மட்டும். லசால் தெருவில் லாரி தலைகுப்புறக் கவிழும்போது சப்வூஃபர் சரியாக அமைந்திருந்தால் தரை அதிர்ந்து, உடனே அடங்கும். அடங்காமல் ஊ என்று இழுத்தால் சப்வூஃபரை மூலையிலிருந்து நகர்த்துங்கள். வசனம் அமுங்குகிறது என்றால் மொத்த ஒலியை ஏற்றாமல் சென்டர் சேனலை மட்டும் 2 டெசிபல் ஏற்றினால் போதும்.

ஸ்ட்ரீமிங்

4கே ஸ்ட்ரீமிங் பொதுவாக 15 முதல் 25 எம்பிபிஎஸ் வேகத்தில் வரும். டிஸ்க்கில் இதைப்போல் பல மடங்குக்கு இடம் உண்டு. இந்தப் படம் முழுக்க இருட்டும் புகையும் துகளும்; சுருக்கும் மென்பொருளுக்கு மிகக் கடினமான மூன்றும் இவையே. இரவு வானத்தில் பட்டை பட்டையாகப் படிகள், சுரங்கச் சாலையில் கட்டம் கட்டமாக உடையும் நிழல் – இரண்டையும் அமைப்புகளை மாற்றிச் சரிசெய்ய முடியாது. டேட்டா கணக்கும் பார்க்க வேண்டும்: 15 எம்பிபிஎஸ் என்றாலே 152 நிமிடத்துக்குச் சுமார் 17 ஜிபி.

அதைவிடப் பெரிய கேள்வி, அந்தத் தளத்தில் ஐமேக்ஸ் காட்சிகள் திரை நிறைய வருகின்றனவா என்பது. தளத்துக்குத் தளம் கோப்பு வேறுபடலாம். முதல் ஷாட்டில் பட்டை இருந்தால் வாடகைக்குப் பாருங்கள், விலைக்கு வாங்க வேண்டாம்.

2.35:1 அகலத் திரை வைத்திருப்பவர்களின் நிலைமை தலைகீழ். டிஸ்க்கைப் போட்டால் ஐமேக்ஸ் காட்சி வரும்போதெல்லாம் படம் திரைக்கு மேலும் கீழும் சுவரில் வழியும். புரொஜெக்டரில் ஓரத்தைக் கறுப்பாக்கும் பிளாங்கிங் வசதியால் அதை மறைக்கலாம். 35 மி.மீ. பிரிண்ட் ஓடிய தியேட்டர்களில் எல்லோரும் 2.40:1இல் பார்த்த படம்தான் இது. மறைத்தால் ஐமேக்ஸ் காட்சியின் உயரம் போகும்; ஆனால் கதைக்கு வேண்டியது எதுவும் வெட்டுப்படாது.

பழைய டிஸ்க் வாங்குவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். ப்ளூரே உறையின் பின்புறம் ட்ரூஎச்டி என்று இருந்தால் அது 2008இன் மாஸ்டர் (டிஸ்க்குக்கு மூலமான படப் பதிப்பு). உறை எவ்வளவு புதிதாக இருந்தாலும், மூன்று பாகத் தொகுப்புக்குள் இருந்தாலும் உள்ளே அதே படம்தான். டிஸ்க்கின் அடிப்பக்கம் வழக்கமான வெள்ளிப் பளபளப்பு இல்லாமல் கருஞ்சாம்பலாகவோ பழுப்பாகவோ இருந்தால் அது வெற்று ப்ளூரேயில் வீட்டில் எரித்த பிடி-ஆர் ஆக இருக்க வாய்ப்பு அதிகம். 50 ஜிபி படத்தை 25 ஜிபியில் அமுக்கியிருப்பார்கள். 4கே டிஸ்க்குக்குப் பிராந்தியப் பூட்டு இல்லை, எந்த நாட்டிலிருந்து வரவழைத்தாலும் ஓடும். நடுவில் உறைந்து நின்றால் உடனே டிஸ்க் கெட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அடுக்குகள் நெருக்கமானவை, ஒரு விரல் ரேகை போதும் தடுக்க. மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.