சொட்டுச் சொட்டாக அலுமினியம்: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

நாகர்கோவில் கோணத்தில் உள்ள எங்கள் லேத் பட்டறைக்கு, உருகிய உலோகத்தைச் சொட்டுகளாக விட்டுப் பாகம் கட்டும் முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்து மூன்று வருடம் ஆகிறது. வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் முதலில் சொட்டு வெளிவரும் துளையான நாசிலைப் பற்றித்தான் சொல்வேன்.

சிலிக்கான் கலந்த அலுமினியக் கம்பி சின்ன மூசைக்குள் உருகும், 800 டிகிரிக்கு மேல் வைத்திருப்போம். சுற்றியுள்ள காயிலில் மின்சாரம் விட்டு விட்டுப் பாயும்போதெல்லாம் உண்டாகும் மின்காந்த விசை ஒவ்வொரு சொட்டாகக் கீழே தள்ளும், சொட்டு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். தொல்லை எங்கே என்றால், அலுமினியத்தில் காற்றுப் பட்டதும் ஆக்சைடு ஏடு படியும், அது 2,000 டிகிரியிலும் உருகாது. காற்றுப் படாமல் காக்கும் ஆர்கான் வாயு ராத்திரி தீர்ந்தால் காலையில் நாசில் அடைத்திருக்கும். முதல் வருடம் இதிலேயே போனது. ஐப்பசி மழையில் கரண்ட் போய் உலோகம் மூசையிலேயே உறைந்து, திரும்பச் சூடாக்கும்போது செராமிக் விரிசல் விட்டது இரண்டு முறை. இப்போது இன்வெர்ட்டர் இல்லாமல் ஓட்டுவதே இல்லை.

அப்புறம் ஒட்டுதல். ஆரம்பத்தில் செய்த ஒரு பிராக்கெட் உடைந்தபோது உள்ளே பொரி உருண்டை மாதிரி சொட்டுகள் தனித்தனியாகத் தெரிந்தன. அடித்தட்டு சூடு போதவில்லை. விழும் சொட்டு கீழே இருப்பதைக் கொஞ்சமாவது உருக்கினால்தான் இரண்டும் ஒன்றாகும். தட்டை 400 டிகிரிக்கு மேல் வைக்க ஆரம்பித்த பிறகு அந்தப் பிரச்சினை வெகுவாகக் குறைந்தது.

குளச்சலிலிருந்து ஒருவர் தன் படகின் வெடித்த கூலிங் பம்ப் மூடியோடு வந்தார், புதுசு எங்கேயும் கிடைக்கவில்லை. வார்க்கலாம் என்றால் அச்சு எடுக்க மரப் பேட்டர்ன் செய்யவே நாளாகும், படகோ கரையில் கிடக்கிறது. சாயங்காலம் அளவெடுத்து வரைந்து ராத்திரி ஓட்டினோம். "இது தாங்குமாண்ணே?" என்றார். கைப்பம்பில் தண்ணீர் அழுத்தம் கொடுத்தால் ஓரிடத்தில் கசிவு. சுவரைத் தடிமனாக்கி, லேத்தில் கடைய 2 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு மறுபடி அடித்தோம். இரண்டு வருடமாக ஓடுகிறது. அமெரிக்கக் கடற்படை 2022-ல் எசெக்ஸ் கப்பலிலேயே இந்த வகை இயந்திரத்தை ஏற்றியது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

லேசரால் உருக்கி அச்சிடும் முறைக்கு வேண்டிய, எளிதில் தீப்பிடிக்கும் மெல்லிய அலுமினியப் பொடி இதற்குத் தேவையில்லை. கிரைண்டர் பொறி பறக்கும் பட்டறையில் இது பெரிய நிம்மதி.

புரொப்பெல்லர் கேட்டு வருபவர்களுக்கு மட்டும் இன்னும் செய்து கொடுக்கவில்லை. நடுக்கடலில் அது முறிந்தால் படகில் இருப்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?