வீட்டில் ஊற்றும் ரப்பர் புழு: உப்பும் வேண்டும், நிறமும் வேண்டும்

தூண்டிலுக்கான செயற்கை இரையான ரப்பர் புழுவை வீட்டிலேயே உருக்கி அச்சில் ஊற்றிக்கொள்பவர்களுக்கு உப்பு ஒரு தீராத தலைவலி. போடாவிட்டால் புழு மெதுவாகத்தான் இறங்கும், காற்றில் தூரமும் போகாது. போட்டால் நிறம் வெளுத்துவிடும். நான் பினாங்கில் நிபோங் திபால் பக்கம். கிரியான் ஆற்றிலும், நேரம் கிடைத்தால் பாலம் தாண்டித் தீவுப் பக்கக் கற்கரைகளிலும் சியாக்காப்புக்காக (கொடுவா மீன்) வீசுகிறவன். சில வருடங்களாக உப்புப் போட்ட இரையைத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன். அதில் எது நிலைத்தது, எதைக் கைவிட்டேன் என்பதைச் சொல்கிறேன்.

உப்பு எதற்கு என்பதிலேயே ஆளுக்கொரு கருத்து உண்டு. உப்பு ருசி இருந்தால் மீன் கடித்ததைத் துப்பாமல் வைத்திருக்கும் என்று அமெரிக்க பாஸ் மீன்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் வீசுவது நன்னீர் ஏரியில். இங்கே கழிமுகத்தில் சியாக்காப்புக்கு உப்பு ருசி காட்டுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. எனக்கு உப்பு வேண்டியிருப்பது கனத்துக்காக மட்டும்தான். உப்பின் அடர்த்தி நீரைப் போல் 2.16 மடங்கு. புழு ஊற்றும் பிவிசி பிளாஸ்டிக் திரவமான பிளாஸ்டிசாலோ நீரைவிடக் கொஞ்சம்தான் கனம். அதனால் ஈயமே இல்லாமல் புழு படுத்த வாக்கில், இரண்டு முனையும் லேசாக நடுங்கியபடி இறங்கும். அமெரிக்க இரை தயாரிப்பாளர் கேரி யாமமோட்டோவின் சென்கோ புழு பேர் வாங்கியது இந்த இறக்கத்தால்தான். அதில் உப்பு தாராளமாக இருக்கும்.

நிறம் ஏன் கெடுகிறது? உப்பு வெள்ளை, அதனால் வெளுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு உப்புக்கல்லைத் தனியாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கண்ணாடி போலத்தான் இருக்கும். அதன் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு, 1.54. மென்மையான பிளாஸ்டிக்கினுடையது அதைவிடக் குறைவு. இரண்டும் பொருந்தாததால் ஒவ்வொரு மணியின் ஓரத்திலும் ஒளி திசைமாறிச் சிதறுகிறது. ஆயிரக்கணக்கான மணிகளில் அப்படிச் சிதறும்போது நம் கண்ணுக்குப் பால் கலந்தது மாதிரி தெரிகிறது. இது புரிந்தால் இன்னொன்றும் புரியும்: அதே எடை உப்பை எவ்வளவு நைசாக அரைக்கிறோமோ அவ்வளவு ஓரங்கள், அவ்வளவு வெளுப்பு. பெரிய மணியாகப் போட்டால் நிறம் பிழைக்கும். ஆனால் உப்பு அடியில் போய்த் தங்கும், புழு தூண்டில் முள்ளில் கோத்த இடத்திலேயே கிழியும்.

நான் நடுவழி பிடித்தேன். சாதாரணப் பொடியுப்பை மிக்சியில் ஓரிரு சுற்று மட்டும் விட்டு, மாவுச் சல்லடையில் சலித்து, கீழே விழுந்ததை மெல்லிய துணியில் இன்னொரு தடவை சலிக்கிறேன். துணியைத் தாண்டிப் போகும் புகை மாதிரியான தூளை ஒதுக்கிவிடுவேன், அதுதான் நிறத்தை அதிகம் கெடுப்பது. 100 கிராம் பிளாஸ்டிசாலுக்கு 15 கிராம் உப்பு என்றால் நிறம் ஓரளவு தாங்கும். 30 கிராம் என்றால் இறக்கம் அருமை, நிறத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

அடுத்தது ஈரம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுக்க ஆரம்பிக்கும். பினாங்கில் மழை விட்ட காலை எதுவும் அதற்கு மேல்தான். அதனால் அரைத்த உப்பைத் தட்டில் பரப்பி, ஓவனில் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் பயன்படுத்துகிறேன். ஈர உப்பு 170 டிகிரியில் இருக்கும் பிளாஸ்டிசாலில் விழுந்தால் பொரிந்து தெறிக்கும், கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு தோலோடு வரும். தெறிக்காவிட்டாலும் நுண்ணிய குமிழிகள் உள்ளே மாட்டும், அவையும் நிறத்தை வெளுக்கும். ‘உப்பு வெளுத்துவிட்டது’ என்று நண்பர்கள் கொண்டுவந்து காட்டிய புழுக்களில் பாதி உண்மையில் குமிழி வெளுப்பு.

வரிசையும் முக்கியம். முதலில் பிளாஸ்டிசால் தெளிந்து கூழாக வேண்டும். பிறகு நிறம், கடைசியில் சூடான உப்பு. உப்புப் போட்டபின் திரும்ப அடுப்பில் வைப்பதை நான் தவிர்க்கிறேன். அடியில் தங்கிய உப்போடு சேர்ந்து பிளாஸ்டிக் தீய்ந்து மஞ்சளடிக்கும். பிவிசி தீய்ந்தால் வருவது ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி, அதனால் சமையலறைப் பக்கமே போகாமல், வாசலில் தனிப் பாத்திரம், மூக்குக்கு ஆவி வடிகட்டும் முகமூடி, கண்ணாடி. இதில் மட்டும் சமரசம் கிடையாது.

நிறத்தைப் பார்க்க ஒரு வெள்ளை டைல்ஸ் துண்டு வைத்திருக்கிறேன். உப்புக்கு முன் ஒரு சொட்டு, உப்புக்குப் பின் பக்கத்திலேயே ஒரு சொட்டு. ஆறியதும் இரண்டின் மேலும் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். காய்ந்திருக்கும்போது சாம்பல் பூத்தது மாதிரி இருக்கும் சொட்டு, நனைந்ததும் அரைவாசி நிறத்தைத் திரும்பக் காட்டும். மீன் பார்ப்பது நனைந்த நிறத்தைத்தானே.

நிறக் கணக்கு எப்படி என்றால், கறுப்புக்கும் வெள்ளைக்கும் கவலையே வேண்டாம், கறுப்புக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சாயம் விட்டால் சரி. அடர்ந்த பூசணி நிறமும் தாங்கும். சிவப்பு ரோஸாகிவிடும். தர்பூசணிப் பச்சை பிஸ்தா நிறத்துக்குப் போகும். புகை நிறமும் மோட்டார் ஆயில் நிறமும் சுத்தமாக அவுட், ஏனென்றால் அவற்றின் அழகே ஒளி ஊடுருவுவதில் இருக்கிறது. மினுக்குத் தூளும் அப்படித்தான்: தோலை ஒட்டியிருப்பது தெரியும், உள்ளே போனது போனதுதான். இந்த வெளுப்பைக் கூடுதல் சாயத்தால் அடக்கப் பார்த்தால் புழு களிமண் மாதிரி ஒளி புகாமல் ஆகும், பையில் பக்கத்துப் புழுவிலும் சாயம் இறங்கும்.

ஒளி ஊடுருவும் நிறம்தான் வேண்டும் என்றால் உப்பை விட்டுவிட்டு நுண் கண்ணாடி மணிக்குப் போய்விடலாம். கண்ணாடியின் விலகல் எண் 1.51 அளவில், பிளாஸ்டிக்குக்குக் கிட்ட நிற்கிறது. அடர்த்தியோ சுமார் 2.5, உப்பைவிட அதிகம், அதனால் குறைவாகப் போட்டாலே போதும். விலை கூடுதல். ஊற்றும்போது உப்பைவிட வேகமாக அடியில் தங்கும், கலக்கும் கை நிற்கக் கூடாது. துகள் மூச்சில் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் எனக்கு அதிகம் உழைத்தது இரண்டு ஊற்றுதான். திறந்த அச்சில் முதலில் உப்புப் போட்ட வெள்ளையை அரைவாசி ஊற்றி, மேலே தோல் படர்வதற்குள் உப்பில்லாத தர்பூசணிப் பச்சையை ஊற்றுவது. கனம் வயிற்றில், நிறம் முதுகில். இறங்கும்போது புழு புரளுவதும் இல்லை. கரையில் இதைப் பார்த்த ஒரு பெரியவர், “தம்பி, கிரியான் தண்ணி தேத்தாரே மாதிரி ஓடுது, நீ முதுகுக்குப் பச்சையடிச்சு என்னப்பா பண்ணப் போற?” என்றார். “தெளிஞ்ச தண்ணிக்கு இது அங்கிள், இங்க சும்மா இறக்கம் பார்க்கத்தான் வந்தேன்” என்றேன். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. பால் தேநீர் மாதிரிக் கலங்கிய ஆற்றுக்கு இத்தனை பாடு தேவையே இல்லை, உப்புப் போட்ட வெள்ளையும் கறுப்பும் போதும். தீவின் தெலுக் பஹாங் கடற்கரைப் பக்கம் தண்ணீர் தெளிந்த நாளில் வீசினால்தான் வித்தியாசம் தெரிகிறது.

நாள்பட்ட பயன்பாட்டில் இன்னும் சில தெரியவந்தன. நனைந்த புழுவை அப்படியே பையில் போட்டால் மேற்பரப்பு உப்பு கரைந்து, தொட்டால் சொரசொரப்பாகி, சில நாளில் முழுதும் வெளுத்துவிடும். நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, ஒரு சொட்டு இரை எண்ணெய் தடவினால் நிறம் தாங்குகிறது. முள்ளோடு சேர்த்து வைத்தால் துரு நிச்சயம். அலுமினிய அச்சையும் ஊற்றி முடித்த அன்றே கழுவி உலர்த்திவிட வேண்டும். எங்கள் குழுவில் ஒருவருடைய அச்சில் பொட்டுப் பொட்டாக அரித்து, இப்போது அவர் ஊற்றும் புழு எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் மரு இருக்கிறது. அதற்கு மீன் கடிக்காமல் இல்லை என்பது வேறு விஷயம்.