வீவக வீட்டில் ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி4: ராஸ்பெர்ரி பை 4உடன் எப்படி?

கணினியை வானொலியாக்கும் யுஎஸ்பி கருவியான ஆர்டிஎல்-எஸ்டிஆர் பிளாக் வி4 டாங்கிளில் குறை சொல்ல அதிகமில்லை. 500 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1.7 கிகாஹெர்ட்ஸ் தாண்டியும் கேட்கும். வெப்பத்தை ஈடுகட்டும் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) துல்லிய அலையியற்றி (டிசிஎக்ஸ்ஓ) இருப்பதால் சூடானாலும் அலைவரிசை அவ்வளவாக நகராது. அதை ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினியில் (சுருக்கமாக ‘பை’) செருகி வீவக வீட்டில் நாள் முழுக்க ஓடவிட்டால்தான் தொல்லைகள் தலைகாட்டும். பெரும்பாலும் டாங்கிளைச் சுற்றியுள்ளவைதான் காரணம்.

முதல் தொல்லை டிரைவர். வி4இல் உள்ள ஆர்828டி டியூனர் சில்லுக்கு 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரப் படிகம் என்று பழைய டிரைவர் கணக்குப் போடும். உள்ளே இருப்பதோ 28.8. எனவே ஒலி 96.8 வானொலியைத் தேடினால் அங்கே இரைச்சல்தான் இருக்கும். ஏற்கெனவே உள்ள லிப்ஆர்டிஎல்எஸ்டிஆர் டிரைவர் தொகுப்பை முழுதாக நீக்கிவிட்டு, தயாரிப்பாளரின் புதிய டிரைவரை மூலநிரலிலிருந்து நிறுவ வேண்டும். லினக்ஸ் தானாக ஏற்றும் டிவிபி-டி தொலைக்காட்சி டிரைவரையும் தடைப்பட்டியலில் சேர்த்து மறுதொடக்கம் செய்ய வேண்டும். இல்லையென்றால் டாங்கிளை வேறொன்று பிடித்துவைத்திருப்பதாகப் பிழைச்செய்தி வரும். ஒலி 96.8 தன் இடத்தில் தெளிவாகக் கேட்டால் டிரைவர் சரி.

அடுத்தது மின்சாரம். 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் கட்டாயம். பழைய போன் சார்ஜரில் மின்னழுத்தம் சரியும், சாம்பிள்கள் (டாங்கிள் எடுக்கும் சிக்னல் அளவீடுகள்) விடுபடும். ஆன்டெனாதான் மோசம் என்று நினைத்து அதை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். டாங்கிளை நேரடியாகப் பையில் செருகாதீர்கள். போர்டின் இரைச்சலும் சூடும் அதற்குள் ஏறும். இரைச்சலை அடக்கும் ஃபெரைட் போட்ட ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிள் போதும்; ஃபெரைட் கிளிப்பை சிம் லிம் டவர் உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். செருகுவது கறுப்பு யுஎஸ்பி 2 துளையில். நீல யுஎஸ்பி 3 துளையால் இந்த டாங்கிளுக்கு எந்த லாபமும் இல்லை, இரைச்சல்தான் கூடும். பை 80 டிகிரியைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் ஊர் வெக்கையில் மூடிய பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம், அலுமினியப் பெட்டி வாங்குங்கள்.

ஆர்டிஎல்-டிசிபி என்ற மென்பொருள் வழியாகச் சாம்பிள்களை வேறு கணினிக்கு அனுப்புவோர் ஒரு கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். விநாடிக்கு 24 லட்சம் சாம்பிள், ஒவ்வொன்றும் 2 பைட்: ஏறக்குறைய 38 மெகாபிட். படுக்கையறை வைஃபை இதில் திணறும். ஈதர்நெட் கேபிள் இழுங்கள், அல்லது பையிலேயே டிகோட் செய்துவிட்டு முடிவை மட்டும் அனுப்புங்கள்.

இந்தச் சோடி உண்மையில் பளிச்சிடுவது கப்பல்களில். மரின் பரேட் பக்கம் கடல் தெரியும் மாடி என்றால் கப்பல்கள் தம் இடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் சிக்னலைப் படிக்கும் ஏஐஎஸ்-கேட்சர் மென்பொருளைப் போடுங்கள், 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் இரண்டையும் ஒரே டாங்கிள் பிடிக்கும். பெட்டியோடு வரும் இருமுனை ஆன்டெனாவின் பெரிய கம்பிகளை ஒவ்வொன்றும் 44 செ.மீ. நீட்டி, செங்குத்தாக, ஜன்னல் கம்பிகளுக்கு வெளிப்பக்கமாக, விழாதபடி கட்டி நிறுத்துங்கள். உலோகப்பூச்சு வெயில்தாள் ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் சிக்னல் வெகுவாகக் குறைந்துவிடும். கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) உச்சத்தில் வைப்பதும் தப்பு: அருகிலுள்ள பலமான சிக்னல்கள் சிக்னலை எண்ணாக்கும் 8 பிட் ஏடிசியை நிரப்பிவிடும். இரைச்சல்தளம் (சிக்னல் இல்லாதபோதும் இருக்கும் இரைச்சல்) எகிறும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள்.

விமானங்கள் தம் இடத்தை அறிவிப்பது 1090 மெகாஹெர்ட்ஸில்; அதற்குச் சிறிய கம்பிகள், ஒவ்வொன்றும் சுமார் 6.5 செ.மீ. உடன் வரும் 3 மீட்டர் மெல்லிய கேபிள் இந்த அலைவரிசையில் பாதிச் சிக்னலை விழுங்கிவிடும். ஆன்டெனா அருகே டாங்கிளை வைத்து, நீளத்தை யுஎஸ்பி பக்கம் கொடுங்கள்.

சிற்றலைக்காக மட்டும் வாங்க நினைத்தால் யோசியுங்கள். வி4 கேட்கத்தான் செய்யும். ஆனால் ஏர்கான் இன்வெர்ட்டர், எல்இடி விளக்கு, பக்கத்து வீட்டு அடாப்டர் எல்லாம் சேர்ந்து வானொலியை மூழ்கடிக்கும். இந்த வேலைக்குப் பை 5ம் தேவையில்லை, 2 ஜிபி பை 4 தாராளம். அந்தப் பணத்தில் இரண்டாவது டாங்கிள் வாங்கினால் கப்பலும் விமானமும் ஒரே நேரத்தில் தெரியும்.