உயர் ஹேண்டிகேப் ஆட்டக்காரர் மட்டையை மாற்றினால் என்ன மாறும்? மூன்றரை ஆண்டு அனுபவம்

சேலம் உருக்காலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றி, ஓய்வுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் கோல்ஃப் பழகத் தொடங்கினேன். 2022 பிப்ரவரியில் என் பழைய அயர்ன் மட்டைகளை (கிரீனை நோக்கி அடிக்க உதவும், தட்டையான உலோகத் தலை கொண்டவை) மாற்றியபோது என் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் குறிக்கும் எண்; அது குறையக் குறைய ஆட்டம் தேறுகிறது என்று பொருள்) 31. இதை எழுதும் இன்று 26. இடையில் உள்ள மூன்றரை ஆண்டுகளில் மாதம் இரண்டு முறை கோயம்புத்தூர் செட்டிபாளையம் மைதானத்தில் பதினெட்டுக் குழி ஆட்டமும், அஸ்தம்பட்டி வீட்டு மொட்டை மாடியில் கட்டிய வலையில் நாள்தோறும் பயிற்சியும், ஏற்காட்டில் மைத்துனரின் காப்பித் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அங்குள்ள வெட்டவெளியில் தூர அளவீடும் செய்து வந்திருக்கிறேன். அந்த ஐந்து எண் குறைவில் மட்டைக்கு எவ்வளவு பங்கு, எனக்கு எவ்வளவு பங்கு என்பதை என்னால் ஓரளவு பிரித்துச் சொல்ல முடியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பழைய செட் ஒரு நண்பர் கொடுத்தது. 1990-களில் வார்க்கப்பட்ட, குறுகிய அடிப்பாகமும் மெல்லிய மேல்விளிம்பும் கொண்ட மட்டைகள். நடுவில் சரியாகப் பட்டால் பந்து அழகாகப் போகும். ஆனால் எனக்கு நடுவில் படுவது ஐந்தில் ஒரு முறைதான். எங்கே படுகிறது என்று அறிய நான் கையாண்ட வழி மிக எளிது. மட்டையின் முகத்தில் முகப்பவுடரை லேசாகத் தட்டி, பந்தை அடித்துவிட்டுப் பார்த்தால், பவுடரில் பந்தின் சிறு குழிகள் பதிந்த வட்டம் தெளிவாகத் தெரியும். மாடியில் ஒரு காலைப் பொழுதில் நாற்பது பந்துகளை இப்படி அடித்துக் குறித்துக்கொண்டேன். ஒன்பது நடுவில் பட்டன. பெரும்பாலானவை முனைப்பக்கம், அதாவது தண்டிலிருந்து விலகிய ஓரத்தை நோக்கி, ஓர் அங்குலம் தள்ளிப் பட்டிருந்தன. முனையில் பட்ட பந்து நடுவில் பட்டதைவிட முப்பது கெஜம் வரை குறைவாகப் போகும் என்பது மைதானத்தில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. என் ஆட்டத்தில் அடிகளின் எண்ணிக்கை ஏறுவதற்கு இந்த முப்பது கெஜம்தான் முதற்காரணம். குழி இருக்கும் புல்தளமான கிரீனை எட்டாமல் முன்னாலிருக்கும் மணற்குழியில் விழுந்தால், அங்கிருந்து வெளிவர என்னைப் போன்றவர் இரண்டு முறை அடிக்க வேண்டும்.

ஆகவே நான் தேடியது கூடுதல் தூரத்தை அன்று. தவறாகப் பட்டாலும் தூரம் அதிகம் குறையாத மட்டையை. இந்தக் குணத்துக்கு வழிசெய்தவர்களில் முதன்மையானவர் கார்ஸ்டன் சோல்ஹைம். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த அவர் 1959-இல் தாமே செய்த பட்டர் மட்டையின் (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) எடையை நடுவிலிருந்து இரு ஓரங்களுக்குத் தள்ளினார். எடை ஓரத்தில் இருந்தால், பந்து முனையில் பட்டாலும் மட்டையின் தலை எளிதில் திரும்பாது. முகம் நேராகவே நிற்கும். பந்தின் வேகமும் அதிகம் குறையாது. ஓரம் கனத்த குயவர் சக்கரத்தைச் சுற்றத் தொடங்கவும் நிறுத்தவும் ஏன் அவ்வளவு வலு வேண்டியிருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். அந்த பட்டர் பந்தில் படும்போது எழுந்த ‘பிங்’ ஒலியையே பெயராகக் கொண்ட அவருடைய பிங் நிறுவனத்தின் ஜி வரிசை அயர்ன் செட் ஒன்றை, ஒருவர் இரண்டு ஆண்டுகள் ஆடிய பின் விற்றதை, பெங்களூருவில் ஒரு கடையில் வாங்கினேன். ஆறு மட்டைகளுக்கு நான் கொடுத்த விலை 46,000 ரூபாய்.

உலோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்த மட்டைத் தலைகள் 17-4 எனப்படும் எவர்சில்வர் ரகத்தில் வார்க்கப்பட்டவை: குரோமியம் சுமார் 17 சதவீதம், நிக்கல் சுமார் 4 சதவீதம், அதே அளவுக்குச் செம்பு. நாங்கள் உருக்காலையில் அன்றாடம் கண்ட 304 ரகம் பாத்திரத்துக்கும் தொட்டிக்கும் வளையக்கூடியது. 17-4 வெப்பப் பதப்படுத்தலில் செம்பின் நுண்துகள்கள் உள்ளே படிந்து இறுகுவதால் கடினமாகிவிடும். கடினமானதால் முகத்தை மெல்லியதாக வார்க்கலாம். மிச்சப்படும் எடையை அடியிலும் ஓரங்களிலும் வைக்கலாம். அதே கடினத்தால் மட்டையின் கழுத்தை வளைத்துக் கோணம் திருத்துவது கடினம் என்பதும் உண்மை. ஒன்று அல்லது இரண்டு பாகைக்கு மேல் வளைக்க அனுபவமுள்ள பட்டறைக்காரர் தயங்குவார். எனக்கு இது பின்னால் முக்கியமாயிற்று.

வாங்கிய முதல் மூன்று மாதங்கள் வருத்தமாகவே கழிந்தன. நன்றாகப் பட்ட பந்துகளும் குறியிலிருந்து இடப்பக்கம் புறப்பட்டன, அதிலும் நீளம் குறைந்த மட்டைகளில் அதிகமாக. என் ஸ்விங், அதாவது மட்டையை வீசும் விதம்தான் கெட்டுவிட்டது என்று எண்ணி அதைத் திருத்தப் போய் ஆட்டத்தை மேலும் கெடுத்துக்கொண்டேன். செட்டிபாளையத்தில் என் பையைச் சுமந்து வரும் பெரியவர்தான் ஒரு நாள் புல்லைக் குனிந்து பார்த்துவிட்டு, “சார், மட்டையோட குதிகால் பக்கம் மட்டும் மண்ணை எடுக்குது, முனை தரையைத் தொடவே இல்லை” என்றார். பெயர்ந்த புல்லின் பள்ளம் உண்மையாகவே தண்டு சேரும் குதிகால் பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் வெறும் கீறலாகவும் இருந்தது.

காரணம் மட்டையின் மேலேயே எழுதியிருந்தது. பிங் அயர்ன்களின் தலையில் ஒரு சிறு வண்ணப்புள்ளி இருக்கும். மட்டையைத் தரையில் வைக்கும்போது ஷாஃப்ட், அதாவது மட்டையின் தண்டு, எவ்வளவு நிமிர்ந்து நிற்கும் என்பதை அந்தப் புள்ளி காட்டும்: கருப்பு என்றால் வழக்கமான அளவு, நீலம் என்றால் அதைவிட நிமிர்ந்தது, சிவப்பு என்றால் சாய்ந்தது. என் செட்டில் இருந்தது நீலப்புள்ளி. உயரமான ஒருவருக்காகச் செய்யப்பட்டது. என் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். விற்றவர் வழக்கமான அளவு என்று சொன்னதை நான் கேட்டுக்கொண்டேனே தவிர, புள்ளியின் பொருளை விசாரிக்கவில்லை. மட்டை மிக நிமிர்ந்திருந்தால் குட்டையானவர் கையில் முனை மேலே தூக்கும்; முனை தூக்கினால் சாய்ந்த முகம் இடப்பக்கம் பார்க்கும்; முகத்தின் சாய்வு அதிகமான மட்டைகளில் இந்த விலகலும் அதிகம். சரியாக அடித்தாலும் பந்து இடப்பக்கம் போகும் மட்டையை வைத்துக்கொண்டு நான் ஸ்விங்கைக் குறைசொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பந்தின் மேல் மார்க்கரால் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு முகத்தை நோக்கியிருக்கும்படி வைத்து அடித்தால், மை முகத்தில் பதியும். கோடு நேராக நின்றால் கோணம் சரி. எனக்கு அது சாய்ந்தே பதிந்தது. பட்டறையில் கொடுத்து ஆறு மட்டைகளையும் இரண்டு பாகை சாய்த்து, ஷாஃப்டில் அரை அங்குலம் வெட்டிய பின் கோடு நிமிர்ந்தது. மூன்றரை ஆண்டுகளில் நான் செய்த செலவுகளில் மிகச் சிறந்தது இதுவே. பயன்படுத்திய செட் வாங்க நினைப்பவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான்: விலையைப் பேசுவதற்கு முன் இந்தக் கோட்டைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து தூரம். இங்கேதான் நான் வெகுநாள் ஏமாந்தேன். மாடி வலையில் தூரம் தெரியாது. ஆகவே ஏற்காட்டில், பழைய காப்பிச் செடிகளை வேரோடு எடுத்துவிட்டு மறுநடவுக்காக விட்டிருந்த நீண்ட சரிவில்லாத பாத்தியில், பந்து விழுந்த செம்மண் தழும்பு வரை நாடாவால் அளந்தேன். புதிய 7-ஆம் எண் அயர்னில் (எண் குறையக் குறைய முகத்தின் சாய்வு குறைந்து தூரம் கூடும்) நடுவில் பட்ட பந்துகள் 140 கெஜம் போயின. பழைய 7-ஆம் எண்ணில் செட்டிபாளையத்தில் எனக்கு 120 கெஜம்தான். இருபது கெஜம் கூடிவிட்டது என்ற மகிழ்ச்சியில் மலை இறங்கினேன். அடுத்த வாரம் செட்டிபாளையத்தில் 140 கெஜத்துக்கு அதே மட்டையை எடுத்த மூன்று முறையும் பந்து கிரீனுக்குப் பத்து கெஜம் முன்னால் விழுந்தது.

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். கோயம்புத்தூர் சமவெளி 400 மீட்டரை ஒட்டியது. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைந்து பந்துக்குத் தடை குறைகிறது. ஆயிரம் அடிக்குச் சுமார் இரண்டு சதவீதம் தூரம் கூடும் என்பது ஆட்டக்காரர்கள் கையாளும் கணக்கு. இரண்டு ஊர்களுக்கும் இடையே 3,600 அடி வித்தியாசம் என்றால் ஏழு சதவீதம், அதாவது 140-இல் பத்து கெஜம். ஏற்காட்டின் குளிர் இதில் சிறிது பிடித்துக்கொள்ளும் என்றாலும் கணக்கு ஏறத்தாழ ஒத்துவருகிறது. பத்து கெஜம் மலை கொடுத்தது. மீதிப் பத்து?

அதையும் அளந்து பார்த்தேன். பழைய 7-ஆம் எண்ணின் லாஃப்ட், அதாவது முகத்தின் சாய்வு, 35 பாகை, புதியதில் 30. பழைய செட்டின் 6-ஆம் எண் 31 பாகை. ஆக, புதிய 7 என்பது எண் மாறிய பழைய 6 தான். பழைய 6-ஐ எடுத்து அடித்துப் பார்த்தபோது, நடுவில் பட்ட பந்துகளில் இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று நான்கு கெஜம்கூட இல்லை. இதை ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன். எடை கீழே இருப்பதால் புதிய மட்டையில் பந்து தானாகவே உயரம் எழும்புகிறது, அந்த உயரத்தைச் சமன்செய்யத் தயாரிப்பாளர்கள் சாய்வைக் குறைக்கிறார்கள். ஆனால் கடையில் கணினித் திரையில் காட்டும் கூடுதல் தூரத்தை நம்பிப் பணம் கொடுப்பவர், தம் பழைய மட்டையின் அடுத்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நான் தேடிய பலன் கிடைத்ததா என்றால், கிடைத்தது. முனையில் பட்ட பந்துகளைத் தனியாகப் பிரித்து அளந்தபோது, பழையதில் முப்பது கெஜம் வரை போன இழப்பு புதியதில் பன்னிரண்டு, பதினைந்துக்குள் நின்றது. அகன்ற அடிப்பாகம் இன்னொரு நன்மையும் செய்தது: பந்துக்குப் பின்னால் தரையில் சற்று முன்கூட்டியே பட்டாலும் மட்டை மண்ணுக்குள் புதையாமல் வழுக்கிச் செல்கிறது. மழைக்காலத்தில் ஈரம் மிகுந்த புல்லில் இதன் அருமை தெரியும். கோடையில் இறுகிய தரையிலோ அதே அகன்ற அடிப்பாகம் துள்ளிப் பந்தின் நெற்றியில் பட்டுவிடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் என் ஆட்டம் இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

சாய்வு குறைந்ததன் விளைவு வேறோர் இடத்தில் வந்து நின்றது. செட்டில் வந்த பிட்ச்சிங் வெட்ஜ் (வெட்ஜ் என்பது குறைந்த தூரத்துக்கான, முகம் அதிகம் சாய்ந்த மட்டை) 44 பாகையைச் சற்றுத் தாண்டியது. என்னிடம் இருந்த சாண்ட் வெட்ஜ் 56. பழைய செட்டில் பிட்ச்சிங் வெட்ஜ் 48 ஆக இருந்ததால் நடுவே எட்டுப் பாகைதான் இடைவெளி, இப்போது ஏறத்தாழ பன்னிரண்டு. புதிய பிட்ச்சிங் வெட்ஜ் 100 கெஜம், சாண்ட் வெட்ஜ் 65 கெஜம். நடுவிலுள்ள 80, 85 கெஜத்துக்கு மட்டையே இல்லை. அரை ஸ்விங்கில் சமாளிக்கத் தேர்ந்த ஆட்டக்காரரால் முடியும். நமக்கோ பாதி தூரத்தைக் குறிவைத்து அடிப்பதுதான் மிகக் கடினம். ஓராண்டு தடுமாறிய பின் 50 பாகை வெட்ஜ் ஒன்றைத் தனியாக வாங்கினேன். ஒரு பையில் பதினான்கு மட்டைகள்வரை விதி அனுமதிக்கிறது. என் பையில் பத்துதான் இருந்தன, இடத்துக்குக் குறைவில்லை. என் ஸ்கோர் அட்டைகளைப் புரட்டிப் பார்த்தால், அந்த வெட்ஜ் வந்த பின்தான் ஹேண்டிகேப் 29-க்குக் கீழே இறங்கியிருக்கிறது. 2020 முதல் நடைமுறையில் உள்ள உலக ஹேண்டிகேப் முறையில், கடைசி இருபது ஆட்டங்களில் சிறந்த எட்டின் சராசரியே எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆகவே ஒரு நல்ல நாளால் அது வழக்கமாக அதிகம் இறங்கிவிடாது. பல நல்ல நாள்கள் வேண்டும்.

நெடுந்தூர முதல் அடிக்கான டிரைவர் மட்டையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். விதி அனுமதிக்கும் உச்ச அளவான 460 கன சென்டிமீட்டர் தலை கொண்ட புதிய டிரைவர் ஒன்றை 2023-இல் வாங்கினேன். என் பந்து வலப்பக்கம் வளைந்து போகும் ஸ்லைஸ் அப்படியே இருக்கிறது. அது என் கையிலிருந்து வருவது; மட்டையால் தீராது. அந்தப் பணத்துக்குப் பத்து வகுப்புகள் போயிருக்கலாம்.

மட்டையின் ரப்பர் கைப்பிடியான கிரிப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேலத்து வெயிலில் முதலில் பழுதாவது அதுதான். வியர்வையும் உள்ளங்கை எண்ணெயும் படிந்து ரப்பர் கண்ணாடிபோல் வழுவழுப்பாகிவிடுகிறது; பிடி நழுவாமலிருக்க நம்மையறியாமல் இறுக்கிப் பிடிக்கிறோம்; முன்கை இறுகியதும் ஸ்விங் சுருங்குகிறது. மாதம் ஒரு முறை சோப்பு நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்துகிறேன். ஆண்டுக்கு ஒரு முறை நானே மாற்றிவிடுகிறேன். பழைய கிரிப்பை பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து, ஷாஃப்டைத் துடைத்து, இருபக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்ற வேண்டும். புதிய கிரிப்பின் நுனித் துளையைக் கட்டைவிரலால் அடைத்து, உள்ளே டர்பன்டைன் ஊற்றிக் குலுக்கி, மிச்சத்தை டேப்பின் மேல் வழியவிட்டு, தயங்காமல் ஒரே மூச்சில் ஏற்றிவிட வேண்டும். நடுவழியில் நின்றால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். இரவு முழுதும் விட்டால் காலையில் ஆடலாம். மட்டைப் பையைக் கார் டிக்கியில் விட்டு வைக்காதீர்கள். அந்த வெப்பத்தில் ரப்பர் கெடுவதோடு, தலையையும் ஷாஃப்டையும் ஒட்டியிருக்கும் பிசினும் நாளடைவில் தளரும். என் 9-ஆம் எண் மட்டையின் தலை ஒரு நாள் லேசாகத் திரும்பியதற்கு அதுவே காரணம், மறுபடி ஒட்டவேண்டியதாயிற்று.

மற்றபடி மூன்றரை ஆண்டுகளுக்குப் பிறகும் தலைகளில் துரு ஒரு பொட்டுகூட இல்லை. வெட்ஜ்களின் வரிப்பள்ளங்கள் மட்டும் மணலில் தேய்ந்து விளிம்பு மழுங்கியிருக்கின்றன. அதனால் பந்து கிரீனில் முன்போல் உடனே நிற்பதில்லை.

கடைசியாக, செட்டில் நான் பயன்படுத்தாமலே விட்ட மட்டை ஒன்றுண்டு. 5-ஆம் எண் அயர்ன், சாய்வு 24 பாகைக்கும் கீழே. என் ஸ்விங் வேகத்துக்கு அது பந்தைத் தூக்கித் தருவதில்லை. 6-ஆம் எண் போகும் தூரமே இதுவும் போகிறது, அதுவும் தாழ்வாக. சென்ற ஆண்டு அதற்குப் பதில் 25 பாகை ஹைபிரிட் (பந்தை எளிதில் எழுப்பும் கலப்பு வகை மட்டை) ஒன்றைப் பையில் வைத்தேன். 155 கெஜம் பறந்து கிரீனில் மெல்ல இறங்குகிறது. 5-ஆம் எண்ணை மைத்துனர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏற்காட்டில் அவர் அடிக்கும்போது அதுவும் பத்து கெஜம் கூடுதலாகவே போகிறது.